அந்த லாரிக்கு ஒரு ஹாரன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா. இந்தக் கதையில் முக்கியமான பாதியை நான் பார்க்கவில்லை. ஹாஸ்டலில் என் அறையில் இருக்கிற கலைமதி சொல்லிக் கேட்டதுதான். அவளும் பார்க்கவில்லை, அவளுக்கு அவள் அம்மா சொன்னது. அதனால் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். நான் பார்த்த பாதியை மட்டும் அடித்துச் சொல்வேன்.

உங்கள் போனில் இப்போது ஓடியதே, பைக்கில் வருகிறவன் பஸ் பின்னால் போய் மோதுகிற வீடியோ, அதைக் கேட்டுத்தான் ஜன்னலிலிருந்து உங்கள் பக்கம் திரும்பினேன். சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வரவில்லை. அதில் 'கிரீச்' என்று ஒன்று வந்ததே, அது அந்த பைக்குடையது இல்லை. கார் பிரேக். காய்ந்த ரோட்டில் எங்கேயோ, என்றைக்கோ பதிவு செய்தது. உங்கள் வீடியோவில் மழை பெய்கிறது, பாருங்கள். ஈர ரோட்டில் டயர் அப்படிக் கத்தாது. சும்மா வழுக்கிக்கொண்டு போகும். கடைக்காரர்கள் மாட்டிவைக்கிற கேமராக்களில் பெரும்பாலும் படம் மட்டும்தான் பதிவாகும். சத்தத்தைப் பின்னால் யாராவது உட்கார்ந்து சேர்ப்பார்கள்.

அந்த யாராவதுதான் நான். பெயர் சங்கவி. சாலிகிராமத்தில் டப்பிங்கும் சவுண்ட் எஃபெக்ட்ஸும் கற்றுக்கொள்கிறேன். கற்றுக்கொள்கிறேன் என்றால் வேலையும் செய்கிறேன், அங்கே இரண்டும் ஒன்றுதான். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறார். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அக்கம்பக்கத்தில், "எம் பொண்ணு டிவியில இருக்குது" என்று சொல்லிவைப்பார். டிவிக்குள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. எனக்கும் சொல்லக் கஷ்டம்தான்.

ஜோயல் சார் ஸ்டூடியோ ஒரு வீட்டின் மாடி. சுவரெல்லாம் கம்பளித் துணி, ஜன்னலெல்லாம் அடைத்திருக்கும். மூலையில் மணல் தட்டு, ஜல்லித் தட்டு, சருகு ஒரு கோணி. பழைய செருப்புகள் ஒரு மூட்டை. படத்தில் ஆள் நடந்தால் அந்த ஆள் போட்டிருக்கிற மாதிரிச் செருப்பை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தபடி அதே வேகத்தில் மணலில் நடக்க வேண்டும். அடி விழுந்தால் ஈரத் துண்டைத் தோல் சோபாவில் அறைய வேண்டும். எலும்பு முறிந்தால் முருங்கைக்காய். பச்சைக் காய் வேண்டும், வாடியது முறியாது. ஒரு சண்டைப் படத்துக்கு நாங்கள் ஒரு கட்டுக் காய் வாங்கி முறித்துவிட்டு, மறுநாள் எல்லாருக்கும் அதே காயில் சாம்பார். சுதர்சன் என்று கூட ஒரு பையன் கற்றுக்கொள்கிறான். ஒவ்வொரு துண்டை எடுத்து வாயில் வைக்கும்போதும், "இது வில்லனோட முழங்கால்" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டான்.

டப்பிங்கில் எனக்குக் கூட்டத்துக் குரல்தான் முதலில் கொடுத்தார்கள். தெலுங்கு சீரியலைத் தமிழாக்கும்போது கல்யாண வீட்டில் பின்னால் நிற்கிற பெண்கள், சாவு வீட்டில் அழுகிற பெண்கள். "மாப்ள வந்தாச்சு, மாப்ள வந்தாச்சு" என்று காலையில் சொல்லிவிட்டு மத்தியானம் ஒப்பாரி வைப்பேன். எனக்கு எப்போதும் பயம்தான் அக்கா. வாய் மூடுகிற இடத்தில் என் குரலும் மூடியதா என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பேன். கேஸை அணைத்தேனா என்று பார்ப்பதுபோல. மற்றவர்கள் கிண்டல் பண்ணுவார்கள். ஜோயல் சார் மட்டும், "பயப்படறவதான் இந்த வேலைக்கு ஆவா" என்பார்.

அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான். படத்தைச் சத்தம் இல்லாமல் போட்டுப் பார். அசைகிற எல்லாவற்றையும் எழுது. இலை அசைந்தால் எழுது, புடவைத் தலைப்பு அசைந்தால் எழுது. அசைகிற எல்லாவற்றுக்கும் ஒரு சத்தம் உண்டு. அதைக் கொடுத்துவிட்டால் ஜனங்கள் நம்புவார்கள். ஒன்றை விட்டால்கூட அவர்களுக்குக் காரணம் தெரியாது, ஆனால் நம்பமாட்டார்கள்.

நான் ஒன்றையும் விடமாட்டேன். அதுதான் என் பலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த வீடியோ ஒரு யூடியூப் சேனலிலிருந்து வந்தது. பேர் வேண்டாம். ஆற்காட்டுப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் கடைக் கேமரா. சாயங்கால வெயில். ஷூ கம்பெனி வேன் ஒரு பெண்ணை இறக்கிவிட்டுப் போகிறது. அவள் ரோட்டோரம் நடக்கிறாள். தோளில் சாப்பாட்டுப் பை. முன்னால் ஒரு லோடு ஆட்டோ நிற்கிறது. அதைச் சுற்றிப் போக ரோட்டில் இறங்குகிறாள். பின்னால் ஒரு லாரி. அவள் திரும்பவே இல்லை. அவ்வளவுதான். அதற்குமேல் நான் சொல்லவில்லை, உங்களுக்கும் வேண்டாம்.

நான் அதை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. முதல் தடவைதான் அவளைப் பார்த்தேன். அப்புறம் அவள் செருப்பு என்ன செருப்பு என்று பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ரப்பர் செருப்பு, ஒரு கால் கொஞ்சம் இழுத்து நடக்கிறாள். நாள் முழுக்க நின்று வேலை செய்த கால்.

ஜோயல் சார் வந்து பின்னால் நின்றார். "கடைசியில ஒரு கத்தல் வேணும் சங்கவி. நீயே குடு. 'அம்மா'ன்னு."

"வேணாம் சார்."

"ஏன்?"

"செத்துப்போனவங்க வாயில நாம எப்படி சார் வார்த்தைய வைக்கறது? அவங்க கத்துனாங்களோ இல்லியோ."

"அடியே, இது கோர்ட்டா? சும்மா ஒரு சித்திரிப்பு. கீழ எழுத்துல போடுவாங்க."

"நான் கத்தமாட்டேன் சார்."

சுதர்சன் அங்கிருந்து, "அப்ப நான் கத்தறேன் சார், குரல மெலிசாக்கிக்கலாம்" என்றான். ஜோயல் சார் அவனைப் பார்த்த பார்வையில் அவன் மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

"அப்ப காலியா இருக்கும்மா. இவ்வளவு பெரிய லாரி வருது, ஒண்ணுமே இல்லாம வருது. ஜனங்க நம்பமாட்டாங்க."

அப்போது நான்தான் சொன்னேன். "ஹாரன் போடலாம் சார். லாரின்னா ஹாரன் இருக்கும், ஆளப் பாத்தா அடிப்பாங்க. அது உண்மையா இருந்திருக்கக்கூடியதுதானே."

நான் கத்தவில்லை அக்கா. அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இறந்தவள் வாயில் நான் ஒரு சத்தமும் வைக்கவில்லை.

ஹாரனை எடுத்தவுடன் ஒட்டிவிடவில்லை. அது என்ன லாரி, எந்த மாடல், அந்த மாடலில் என்ன ஹாரன் வரும் என்று தேடினேன். கோயம்பேட்டில் லாரிகள் நிற்கிற இடத்துக்குப் போய்ப் பதிவு செய்துகொண்டு வந்தேன். ஒரு டிரைவர், "எதுக்கும்மா, கல்யாணத்துல போடவா?" என்று சிரித்துக்கொண்டே அடித்துக் காட்டினார். பிறகு அதைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் தகுந்தாற்போல இழைத்தேன். தூரத்திலிருந்து சின்னதாக ஒன்று. கொஞ்சம் கிட்ட வந்து இன்னொன்று. கடைசியில் நீளமாக ஒன்று, நிற்காமல். எதிரே கடைகளின் ஷட்டர் இருக்கிறது, அதில் பட்டுத் திரும்புகிற எதிரொலிகூட வைத்தேன்.

லாரியில் கிளீனர் பக்கத்து ஜன்னலில் ஒரு கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கதவின்மேல் அசைந்துகொண்டிருந்தது. வேறு யாராவது அதைப் பார்த்திருப்பார்களா தெரியாது. நான் பார்த்தேன். தாளம் போடுகிறான், உள்ளே பாட்டு ஓடுகிறது என்று புரிந்துகொண்டேன். கை விழுகிற வேகத்துக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு குத்துத் தாளத்தை எடுத்து, கேபினுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி மெலிதாக வைத்தேன். ஒவ்வொரு அடிக்கும் தாளம் சரியாக உட்கார்ந்தது.

ஜோயல் சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அடடா. படமே தேவையில்ல. லாரி கண்ணுல தெரியுது" என்றார். அவர் யாரையும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "மூணு வருசம் காலேஜ் படிச்சது ஹாரன் அடிக்கவா பாப்பா?" என்று சிரித்தார். அவருக்குச் சந்தோஷம்தான். இருமலோடு சிரித்தார்.

கொஞ்சம் பையை உள்ளே தள்ளிக்கொள்ளுங்கள், கண்டக்டர் வருகிறார். பூந்தமல்லி ஒன்று சார். நன்றி.

சேனலில் அந்த வீடியோவுக்குத் தலைப்பு வைத்தார்கள்: 'ஹாரன் அடித்தும் நகராத பெண்! நடந்தது என்ன?' தலைப்பு நான் வைத்ததில்லை. எனக்கு அது பிடிக்கவும் இல்லை. ஆனால் நிறையப் பேர் பார்த்தார்கள். அதிலிருந்து வெட்டிய துண்டை ஆளாளுக்கு அனுப்பினார்கள். கீழே 'சித்திரிப்பு' என்று போட்டிருந்த சின்ன எழுத்து அந்தத் துண்டில் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. அதுவும் நான் வெட்டியதில்லை.

இனிமேல் கலைமதி சொன்னது.

ஒருநாள் ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே ஆரம்பித்தாள். அவள் ஊரும் அந்தப் பக்கம்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஊரே என்று தெரியாது. "எங்கம்மா வேல செய்ற கம்பெனியில ஒரு அக்கா செத்துப்போச்சுடி. தமயந்தின்னு பேரு. எங்கம்மாவும் அவங்களும் ஒரே லைன்ல தைப்பாங்க. லாரியில வுழுந்துட்டாங்க."

"விழுந்துட்டாங்களா, அடிச்சிட்டானா?"

"வுழுந்துட்டாங்கடி. வீடியோ இருக்குதே. மூணு வாட்டி ஹாரன் அடிக்கறான், திரும்பிக்கூடப் பாக்கல. கடைசி ஹாரன் எவ்ளோ நீளம்? செவுடுகூடத் திரும்பும்."

போனை எடுத்துக் காட்டினாள். சின்ன போன், மட்டமான ஸ்பீக்கர். அதிலும் மூன்று ஹாரனும் தனித்தனியாகத் தெரிந்தன. இப்போது இதைச் சொல்லும்போது நீங்கள் என்ன நினைப்பீர்களோ தெரியாது. ஷட்டர் எதிரொலி மட்டும் அந்தப் போனில் கேட்கவில்லையே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

"அப்புறம்?" என்றேன்.

அப்புறம் நடந்தது இது. முதலில் ஊரில் எல்லாரும் லாரிக்காரனைத்தான் திட்டினார்களாம். வீடியோ வந்தபிறகு பேச்சு மாறிவிட்டது. ஏன் நகரவில்லை? என்ன கஷ்டம் அவளுக்கு? புருஷன் பெயர் ஏழுமலை, பெயிண்ட் அடிக்கிற வேலை. குடிக்கமாட்டார், அடிக்கமாட்டார் என்று கலைமதியின் அம்மாவே சொல்வாராம். கருமாதி அன்று தமயந்தியின் அண்ணன்மார் வந்து எல்லார் முன்னாலும் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்களாம். "கேளுடா. காது குடுத்துக் கேளு. சாவற அளவுக்கு எந் தங்கச்சிய என்னடா பண்ண?"

அவர் ஒன்றும் பண்ணவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "காலையில வேனுக்கு லேட்டாச்சுன்னு கத்திக்கிட்டு இருந்துச்சு. பொண்ணுக்குத் தல வாரி வுடச் சொல்லிச்சு. எனக்கு வராதுன்னேன். அதுக்கும் கத்திச்சு. போய்த் தொலைன்னு சொன்னேன்" என்றாராம். "அவ்ளோதான் சொன்னேன். போய்த் தொலை."

நாம் எல்லாரும் சொல்வதுதானே அக்கா? என் அம்மா என்னை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள். ஆனால் அங்கே அது போதுமானதாக இருந்தது. அன்றைக்கே பொண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஓவியா என்று பெயர். மூன்றாவது படிக்கிறது. மாமன் வீட்டில் இருக்கிறது. அதை யாரும் உட்கார வைத்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் பேசுவது அதன் காதில் விழுகிறது. பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். மாமியிடம் கேட்டதாம். "அம்மா ஹாரன் கேட்டுச்சா, கேக்கலியா?" மாமி தட்டில் சோற்றைப் போட்டாளாம். அது விடவில்லை. "கேட்டுச்சுன்னா, என்ன வேணாம்னுதான நின்னுச்சு?"

கலைமதி இதைச் சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். அந்தச் சத்தம் போட்டது நான் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அழுகை நின்றிருக்கும், வேறு மாதிரிப் பேச்சு வந்திருக்கும். அந்த நேரத்தில் அவளை அப்படிக் கலவரப்படுத்தக்கூடாது என்று நினைத்தேன்.

மறுநாளே ஒரு காரியம் செய்தேன். என் சொந்தப் பெயரிலேயே அந்த வீடியோவுக்குக் கீழே எழுதினேன். 'இதில் வரும் ஒலிகள் பின்னால் சேர்க்கப்பட்டவை. அசல் பதிவில் ஒலி இல்லை.' எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போட்டேன். பதில்கள் வந்தன. 'நீ என்ன லாரிக்குள்ள உக்காந்திருந்தியா?' 'டிரைவர் உன் சித்தப்பாவா?' ஒருவர் மட்டும் கையைக் கூப்புகிற படம் போட்டிருந்தார், அது எதற்கென்று தெரியவில்லை. நான் எழுதியது சாயங்காலத்துக்குள் அடியில் போய்விட்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறது. கீழே கீழே போனால் பார்க்கலாம்.

ஜோயல் சாரிடம் சொன்னேன். சேனலுக்குச் சொல்லி ஹாரனை எடுக்கச் சொல்லலாமா என்று கேட்டேன்.

"ஏம்மா, எடுத்தா என்ன ஆகும்? பாத்தவன் பாத்துட்டான்."

"அந்தப் பொண்ணு சார், குழந்த..."

"நான் கத்தல் போடச் சொன்னேன். கத்தல் போட்டிருந்தா பாவம், விபத்துன்னு போயிருக்கும். ஹாரன்னு சொன்னது யாரு?"

எனக்கு அதுதான் தாங்கவில்லை அக்கா. ஒரு பொய்யைச் சொல்லச் சொன்னவர், பொய் சொல்லமாட்டேன் என்றவளைப் பார்த்து அப்படிக் கேட்கலாமா? இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை. ஒரு கார்ட்டூனுக்கு எலிக் குரல் கொடுக்க வைத்தார். கொடுத்தேன்.

பிறகு கலைமதி ஊருக்குப் போய்விட்டு வந்து இன்னொன்று சொன்னாள். அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

ஏழுமலை வேலைக்குப் போவதில்லையாம். அந்த சிமெண்ட் கடைக்கு எதிரே போய் ரோட்டில் நிற்கிறாராம். ஓரத்தில் இல்லை, ரோட்டில், முதுகைக் காட்டிக்கொண்டு. லாரி வரும், ஹாரன் அடிக்கும். அவர் குதித்து ஓரத்துக்கு வந்துவிடுவார். மறுபடி போய் நிற்பார். சாகத்தான் நிற்கிறார் என்று ஜனங்கள் இழுத்துக்கொண்டு வந்தார்களாம். கலைமதியின் மாமா ஒருவர், "ஏம்பா இப்படிப் பண்ற, உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் புள்ளைக்கு யாரு?" என்று திட்டியிருக்கிறார்.

அதற்கு அவர் சொன்னாராம். "இல்லண்ணே, சாவறதுக்கு நிக்கல. நகரக்கூடாதுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் நிக்கறேன். ஹாரன் அடிச்சா ஒடம்பு தானா நவுந்துடுது. எத்தினி வாட்டி நின்னாலும் நவுந்துடுது. நம்மால புடிச்சு வெக்க முடியல. அப்ப அவ எவ்ளோ கெட்டியாப் புடிச்சு வெச்சிருப்பா? எம்மேல எவ்ளோ வெறுப்பு இருந்திருக்கும்?"

தண்ணீர் இருக்கிறதா அக்கா? கொஞ்சம் கொடுங்கள். நன்றி.

அதற்குப்பிறகுதான் நான் யோசித்தேன். நான் செய்தது தப்பா சரியா என்பதற்கு ஒரே வழிதான் இருக்கிறது. அந்த லாரியைப் பார்க்க வேண்டும். அதில் எந்த ஹாரன் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஹாரன் இருந்தால் டிரைவர் அடித்திருப்பான். ரோட்டில் ஆள் இருந்தால் அடிக்காத லாரி டிரைவர் நம் ஊரில் உண்டா? அடித்திருந்தால் நான் இல்லாததைச் சேர்க்கவில்லை. கேமரா விட்டதை நான் திருப்பி வைத்தேன், அவ்வளவுதான். அவள் மனதில் என்ன இருந்தது என்பது அவளோடு போயிற்று. எனக்கு அதில் சம்பந்தம் இல்லை. இதைத் தெரிந்துகொண்டால் தூங்கிவிடுவேன் என்று நினைத்தேன்.

அதற்காகத்தான் இன்றைக்குக் காலையில் போனேன். கலைமதியிடம் அப்பாவைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன்.

அந்த ஊர்ப் போலீஸ் ஸ்டேஷன் மதில் ஓரம் பிடித்துவந்த வண்டிகளெல்லாம் நிற்கின்றன. மணல் டிராக்டர், எரிந்த ஆம்னி வேன், செடி முளைத்த பைக்குகள். லாரி கடைசியில் நின்றது. பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அந்த லாரியின் ஒவ்வொரு ஆட்டமும் எனக்குத் தெரியும். முன்னால் போய்க் குனிந்து பார்த்தேன். கம்பிச் சட்டம் மட்டும் இருந்தது. ஹாரன் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வயர். நுனியில் கறுப்பு டேப் சுற்றி, அந்த டேப்பும் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது.

சரி, பிடித்துவந்தபிறகு யாரோ கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைத்தேன். இங்கே நிற்கிற வண்டியில் எது மிஞ்சும்?

"யாரும்மா அது? இன்னாத்த குனிஞ்சு பாக்கற?"

ஒரு ஏட்டு. வயசானவர். கையில் டீ டம்ளர்.

"ஒண்ணுமில்ல சார். சும்மா."

"சும்மா பாக்கறதுக்கு இது இன்னா பொருட்காட்சியா? வண்டிக்காரன் சொந்தமா?"

"இல்ல சார். இதுல ஹாரன் இருந்துச்சே, அத யாரு கழட்டுனாங்க?"

அவர் சிரித்துவிட்டார். "ஹாரனா? புடிக்கறப்பவே கெடயாது. ஸ்பாட்லேர்ந்து நான்தான் ஓட்டிக்கினு வந்தேன். பஜார்ல ஒருத்தனும் வழி வுடல. தலய வெளிய நீட்டி, ஏய் ஏய்னு கத்திக்கினே வந்தேன். மறுநாளு தொண்ட கட்டிக்கிச்சு. எத்தினி மாசமா இப்படியே ஓட்டினானோ, பாவி. போம்மா, இங்கல்லாம் நிக்காத."

அவர் உள்ளே போய்விட்டார். போலீஸுக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. எல்லாரும் வீடியோவைக் கேட்டார்கள்.

நான் கிளம்பியிருப்பேன். பழக்கம் விடவில்லை. எதையும் ஒரு தடவை சுற்றிப் பார்க்காமல் என்னால் வரமுடியாது. கிளீனர் பக்கம் போனேன்.

அந்தக் கதவு பச்சை பெயிண்ட். ஜன்னலுக்குக் கீழே ஒரு இடத்தில் மட்டும் பெயிண்டே இல்லை. உள்ளங்கை அளவுக்குத் தகரம் வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. தேய்ந்தது மட்டும் இல்லை, உள்வாங்கியிருந்தது. ஒருநாள் இரண்டு நாளில் அப்படி ஆகாது. ஹாரன் இல்லாத வண்டியில் கிளீனர் கையை வெளியே விட்டு, ஆள் ஒதுங்கட்டும் என்று கதவைத் தட்டிக்கொண்டே வருவான், நீங்களும் பார்த்திருப்பீர்கள். பஸ் பின்னால் எடுக்கும்போதுகூடத் தட்டுவார்களே.

அவன் தாளம் போடவில்லை அக்கா.

அதை நான் கேமராவில் பார்த்திருக்கிறேன். வேறு யாரும் பார்க்காததை நான் மட்டும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு அடியையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பாட்டு வைத்திருக்கிறேன். ஆனால் கையைப் பார்த்தால் யாருக்கும் தாளம் என்றுதான் தோன்றும். நீங்களே பார்த்தாலும் அப்படித்தான் சொல்வீர்கள்.

ஏழுமலை வீடு அங்கிருந்து பக்கம்தான் என்று கலைமதி சொல்லியிருக்கிறாள். போயிருக்கலாம். என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே மெயின் ரோடு வரைக்கும் வந்தேன். எந்த வாக்கியத்தில் ஆரம்பித்தாலும் இரண்டாவது வாக்கியத்தில் 'நான்' வந்தது. அதற்குள் இந்த பஸ் வந்துவிட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகும். ஏறிவிட்டேன்.

அந்தக் கதவை ஒரு தடவை தட்டிப் பார்த்தேன். பள்ளத்தில் என் கை சரியாக உட்கார்ந்தது. அவன் தட்டிய அதே வேகம் எனக்குத் தெரியும், அந்த வேகத்திலேயே தட்டினேன். போனில் பதிவும் செய்துவைத்திருக்கிறேன். அவளுக்குப் பின்னால் அன்றைக்கு வந்த சத்தம் இதுதான். இஞ்சின் சத்தத்தையும் தாண்டி அவளுக்கு இது கேட்டிருக்குமா என்று நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் இந்த வேலையில் இல்லாதவர், உங்கள் காதுதான் நியாயமான காது.

இருங்கள், போடுகிறேன். போனைக் காதோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்கிறதா?

ஓடுகிறது அக்கா. இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. பஸ் சத்தத்தில் கேட்கவில்லையா? முழுச் சத்தமும் வைத்திருக்கிறேனே.